ஒரு சொட்டு ரத்தம், இரண்டு நிமிடம்: ஜி6பிடி குறைபாட்டை நோயாளியின் பக்கத்திலேயே அளப்பது எப்படி?

இந்த மாத்திரையை இவருக்குக் கொடுக்கலாமா, கூடாதா? சிவப்பணுவில் இருக்கும் ஜி6பிடி என்ற நொதியின் பரிசோதனை பெரும்பாலும் இந்த ஒரே கேள்விக்காகத்தான் செய்யப்படுகிறது. பெரிய ஆய்வுக்கூடத்துக்கு ரத்தத்தை அனுப்பி மூன்று நாள் கழித்துப் பதில் வாங்கினால், அதற்குள் நோயாளி ஊருக்குப் போயிருப்பார். அதனால்தான் விரல் நுனி ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்து அங்கேயே அளக்கும் முறை இவ்வளவு கவனம் பெறுகிறது. ஆரம்ப சுகாதார நிலைய டெக்னீஷியன், செவிலியர், இப்படியொரு சிப்பை (ரத்தத்தை உள்ளே ஓட்டி அளக்கும் சின்னத் தகட்டை) உருவாக்க நினைக்கும் பயோமெடிக்கல் மாணவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவி எண்ணைக் காட்டும் அந்த இரண்டு நிமிடம்தான் இதில் மிகச் சுலபமான பகுதி. ரத்தம் சிப்பில் ஏறுவதற்கு முன்பும், எண் திரையில் வந்த பின்பும்தான் தவறுகள் நடக்கின்றன.

எதை அளக்கிறோம்?

குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியின் சுருக்கம்தான் ஜி6பிடி. சிவப்பணுவுக்குள் இது என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. அந்த மூலக்கூறு குளுட்டாதயோனை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கிறது. குளுட்டாதயோன் அணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கிறது. மற்ற செல்களுக்கு என்ஏடிபிஹெச் கிடைக்க வேறு வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இந்த ஒரே வழிதான். நொதி குறைவாக இருப்பவர் சில மருந்துகளைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும்.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறைபாடு உண்டு என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் மெடிடரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா என்ற மூன்று மரபு வகைகள் அதிகம் காணப்படுகின்றன.

குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். பிரைமாகுயின் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. காரணம் இந்த நொதியின் குறைவுதான் என்று கார்சன், ஆல்விங் குழுவினர் 1956இல் வெளியிட்டார்கள். இன்றும் இந்தப் பரிசோதனைக்கு முதல் காரணம் அதே பிரைமாகுயின்தான்.

படி 1: யாருக்குச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது

விவாக்ஸ் என்ற கிருமியால் மலேரியா வந்தவர்கள் முதல் வரிசை. இந்தக் கிருமி கல்லீரலில் ஒளிந்து படுத்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எழும். அதை வேரறுக்க இரண்டு மருந்துகள் உண்டு. பிரைமாகுயின் வழக்கமாக 14 நாள் கொடுக்கப்படும். உடம்பில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தலாம், பாதிப்பும் அதோடு அடங்கும். 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் ஒரே வேளை மருந்து. உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு வாரம் ஆகும். விழுங்கிய பிறகு நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரைமாகுயினுக்கு ‘உண்டா, இல்லையா’ என்ற பதில் ஓரளவு போதுமாக இருந்தது. டாஃபெனோகுயினுக்கு ‘எவ்வளவு’ என்ற எண் வேண்டும், நொதி இயல்பான அளவில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கொடுக்கலாம். அளந்து சொல்லும் கையடக்கக் கருவிகளுக்குத் திடீரென்று மவுசு வந்ததற்கு இந்த மருந்து ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது வரிசை, பிறந்த சில நாட்களில் கடுமையான மஞ்சள் காமாலை வரும் குழந்தைகள். நீல விளக்கின் கீழ் வைத்தும் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால், காரணமும் தெரியாவிட்டால், ஜி6பிடி பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 1965 முதலே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவருகிறது.

தொழுநோய்க்கு டாப்சோன் தொடங்குபவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் ராஸ்புரிகேஸ் பெறவிருப்பவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஸ்புரிகேஸைப் பொறுத்தவரை குறைபாடு இருந்தால் கொடுக்கவே கூடாது.

படி 2: கையில் இருப்பது எந்த மாதிரிக் கருவி என்று தெரிந்துகொள்வது

இந்த மாதிரிச் சிப்புகளை மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புகள் என்பார்கள். மைக்ரோஃப்ளூயிடிக் என்றால் மயிரிழை அளவுள்ள வழிகளில் திரவத்தை ஓட்டி வேலை வாங்குவது. அந்த அளவில் திரவம் சுழலாது. இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் சாதுவாக ஓடும். கேட்க நன்றாக இருந்தாலும் இதில் ஒரு சங்கடம் உண்டு: அவை தானாகக் கலக்காது. ரத்தமும் வினைப்பொருளும் கலந்தால்தான் நொதியை அளக்க முடியும். அதனால் இந்தச் சிப்புகளை வடிவமைப்பவர்களின் பாதி மண்டைக்குடைச்சல் கலப்பதில்தான்.

மூன்று வழிகளைப் பார்க்கலாம். ஒன்று, காகிதத்தையோ மெல்லிய சவ்வையோ வைத்து, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் திரவத்தை இழுக்கவிடுவது. மோட்டார், பம்ப் எதுவும் தேவையில்லை. வடிவம் தீட்டிய காகிதத்தில் பரிசோதனை செய்யும் முறையை ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட பிறகு இந்தத் துறை வேகமெடுத்தது. இரண்டு, பிளாஸ்டிக்கில் செதுக்கிய கால்வாய்களில் அழுத்தம் கொடுத்து ஓட்டுவது. மூன்றாவதில் கால்வாயே கிடையாது. மின்முனைகள் வரிசையாகப் பதித்த தட்டின் மேல் நீர் ஒட்டாத பூச்சு இருக்கும். எந்த மின்முனைக்கு மின்னழுத்தம் கொடுக்கிறோமோ, துளி அதை நோக்கி நகரும். சதுரங்கக் காய் நகர்த்துவதுபோல் துளிகளை நகர்த்தலாம், சேர்க்கலாம், பிரிக்கலாம். இதற்கு டிஜிட்டல் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். டியூக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இந்த நுட்பத்தை அங்கிருந்து வந்த வம்சி பமுலா போன்றவர்கள் பிற்பாடு பேபீஸ் என்ற நிறுவனத்தின் வழியாகப் பச்சிளங்குழந்தைகளின் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சீக்கர் என்ற கருவி, உடம்பில் கழிவு தேங்கும் நான்கு பரம்பரை நொதிக் குறைபாடுகளைக் காய்ந்த ரத்தப்பொட்டிலிருந்து கண்டறிய 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

மலேரியா ஊர்களில் இன்று அதிகம் புழங்குவது தென்கொரியாவின் எஸ்டி பயோசென்சர் தயாரிக்கும் ஸ்டாண்டர்ட் ஜி6பிடி. கையில் பிடிக்கும் ரீடரும் ஒரு ஸ்ட்ரிப்பும்தான். இதை மைக்ரோஃப்ளூயிடிக் என்று கண்டிப்பான ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதில் கலக்கும் வேலையைச் சிப் செய்யாது, நம் கைதான் செய்யும். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2024 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் (தரம் சரி என்ற ஒப்புதல்) இதற்குக் கிடைத்தது. கீழே வரும் செய்முறை இதை ஒட்டியது. வேறு கருவி என்றால் அதன் பெட்டியில் இருக்கும் தாளைத்தான் பின்பற்ற வேண்டும்.

படி 3: காலையில் செய்ய வேண்டியவை

கிட் ஃபிரிட்ஜில் இருந்தால் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இது சம்பிரதாயமில்லை. நொதி வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாற்றும். குளிர்ந்த பஃபரில் (ரத்தத்தைக் கலக்கும் திரவத்தில்) மந்தமாக ஓடும். ரீடர் சுற்றுப்புற வெப்பத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தும். ஆனால் உங்கள் பஃபர் இன்னும் குளிர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. கருவி 15 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும். சித்திரை மாதத்தில் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த கருவி அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு ஸ்ட்ரிப் பெட்டியோடும் ஒரு குறியீட்டுச் சிப் வரும். அதை ரீடரில் செருகி, திரையில் தெரியும் எண்ணும் ஸ்ட்ரிப் உறையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். புதிய பெட்டி பிரித்துவிட்டுப் பழைய சிப்போடு ஓட்டுவதுதான் நான் அதிகம் கேள்விப்பட்ட தவறு. அப்புறம் சோதனை ஸ்ட்ரிப்பை வைத்து ரீடரின் கண் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்த அளவு, இயல்பான அளவு ஆகிய இரண்டு கன்ட்ரோல்களையும் (நொதி அளவு முன்பே தெரிந்த மாதிரிகள்) ஓட்டுங்கள். கன்ட்ரோல் விலைக்குத் தயங்கி வாரக்கணக்கில் அதை ஓட்டாமல் விடும் இடங்கள் உண்டு. அப்படி விட்டால், அந்த வாரங்களில் வந்த எண்களுக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

படி 4: ரத்தம் எடுப்பது

பெரியவருக்கு நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டு நுனி. பச்சிளங்குழந்தைக்குக் குதிகாலின் ஓரம். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, எலும்பு கிட்டத்தில் இருக்கிறது. குத்துவதற்கு முன் கால் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரமாக இருந்தால் ஆல்கஹால் சிவப்பணுவை உடைத்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும்.

தேவை 10 மைக்ரோலிட்டர்தான், ஒரு சாதாரணச் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உறிஞ்சு குழாயைச் சொட்டின் மேல் படுக்கைவாட்டில் தொட்டால் தானாக ஏறும். கோடுவரை ஏற வேண்டும், குமிழி கூடாது. குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடையுங்கள், குழாயின் வாயைத் தொடாமல்.

படி 5: கலப்பதும் ஏற்றுவதும்

ஸ்ட்ரிப்பை உறையிலிருந்து இப்போதுதான் பிரிக்க வேண்டும். ரீடரில் செருகியதும் கருவி தயாராகும். ரத்தத்தைப் பஃபர் குழாயில் விட்டு, அதே உறிஞ்சு குழாயால் எட்டு முதல் பத்து முறை உறிஞ்சி விட்டுக் கலக்குங்கள். சிவப்பணுச் சவ்வு கிழிந்து நொதி வெளியே வருவது இங்கேதான். மூன்று முறை கலக்கிவிட்டுப் போதும் என்று நினைத்தால் பாதி அணுக்கள் உடையாமல் கிடக்கும், எண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். குமிழி கிளம்பும் அளவுக்கு வேகமும் வேண்டாம்.

பழைய குழாயைப் போட்டுவிட்டு, புதிய குழாயால் கலவையிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுங்கள். திரையில் சொட்டு அடையாளம் மினுங்கும்போது ஸ்ட்ரிப்பின் துளையில் விட்டு, உடனே மூடியை மூடுங்கள். நொதியின் வேலையால் ஸ்ட்ரிப்பில் நிறம் ஏறும். அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதைக் கருவியின் ஒளி படிக்கும். மேசை ஆடக் கூடாது, கருவியைத் தூக்கிப் பார்க்கவும் கூடாது. இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சொந்தமாகச் சிப் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்கூட முறையில் என்ஏடிபிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை விழுங்குவதை வைத்து அளப்பார்கள். ஆனால் நுண்கால்வாயின் ஆழம் மிகக் குறைவு. ஒளி கடக்கும் தூரம் சுருங்கினால் உள்ளிழுக்கப்படும் ஒளியும் அதே விகிதத்தில் சுருங்கும். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளி பாய்ச்சி அளக்கும் சின்னக் குப்பியில்) நன்றாகத் தெரிந்த மாற்றம், 100 மைக்ரான் ஆழத்தில் நூறில் ஒரு பங்காகிவிடும். சிப்பில் ஒளிர்வை அளப்பதும், நிறம் மாறும் சாயத்தைச் சேர்ப்பதும் அதனால்தான். இதைப் பார்க்காமல் சிப்பை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் ‘சிக்னல் வரவில்லை’ என்று புலம்பும் திட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 6: எண்ணைப் படிப்பது

திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று ஹீமோகுளோபின். மற்றது ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் நொதி என்பது. ஏன் ஹீமோகுளோபினால் வகுக்கிறோம்? ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 42 யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 14 உள்ளவருக்கு அது கிராமுக்கு 3 யூனிட், குறைபாடு. ஹீமோகுளோபின் 6 மட்டுமே உள்ள ரத்தசோகைக்காரருக்கு அதே 42, கிராமுக்கு 7 யூனிட். நொதி சரியாக இருக்கிறது, அணுக்கள்தான் குறைவு. மலேரியா நோயாளிகளில் ரத்தசோகை சாதாரணம் என்பதால், ஹீமோகுளோபினைச் சேர்த்து அளக்காத சிப் இந்த வேலைக்கு உதவாது என்பது என் கட்சி.

இந்தக் கருவிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லைகள்: 4.0 யூனிட்டும் அதற்குக் கீழும் குறைபாடு. பெண்களுக்கு 4.1 முதல் 6.0 வரை இடைநிலை. 6.0க்கு மேல் இயல்பு. ஆண்களுக்கு இடைநிலை என்று தனியாக இல்லை, ஏனென்றால் ஆணுக்கு ஒரே எக்ஸ். மரபணுவில் குறை இருக்கும் அல்லது இருக்காது. ஆனால் டாஃபெனோகுயின் கொடுப்பதற்கு ஆணாக இருந்தாலும் 6.0ஐத் தாண்ட வேண்டும்.

இந்தப் பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டுமே விழித்திருக்கும். ஒரு எக்ஸில் குறையுள்ள பெண்ணின் ரத்தத்தில் நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்து கிடக்கும். கருவி காட்டுவது சராசரி. 55 சதவீதம் என்றால் எல்லா அணுக்களும் 55இல் இருக்கின்றன என்று அர்த்தமில்லை. பாதி அணுக்கள் 100இலும் பாதி 10இலும் இருக்கலாம். மருந்து கொடுத்தால் அந்தப் பாதி உடையும். புற ஊதா ஒளியில் பொட்டு ஒளிர்கிறதா என்று பார்க்கும் பழைய முறை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனவர்களைத்தான் பிடிக்கும். இந்தப் பெண் அதில் ‘நார்மல்’ என்று வெளியே வந்துவிடுவாள்.

படி 7: எண் பொய் சொல்லும் நேரங்கள்

இளம் சிவப்பணுவில் நொதி அதிகம், கிழட்டு அணுவில் குறைவு. ஒருவருக்கு இப்போதுதான் ரத்தம் உடைந்திருக்கிறது என்றால், நொதி குறைந்த பழைய அணுக்கள் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கும். மிஞ்சியதும் புதிதாக வந்ததும் இளசுகள். கருவி ‘இயல்பு’ என்று சொல்லும். எந்த நோயாளிக்குப் பதில் மிகவும் தேவையோ அவரிடம்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஏ-மைனஸ் வகையில் இது அதிகம். மெடிடரேனியன் வகையில் இளம் அணுக்களிலும் நொதி குறைவு என்பதால் ஓரளவு மாட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

ரத்தம் ஏற்றியவருக்கு அளந்தால், தானம் கொடுத்தவரின் நொதியையும் சேர்த்து அளக்கிறீர்கள். பச்சிளங்குழந்தைக்கு இயல்பாகவே பெரியவர்களைவிட நொதி அதிகம், ஆகவே பெரியவர்களின் எல்லையை வைத்துக் குழந்தையைத் தீர்ப்பிட்டால் குறையுள்ள குழந்தை தப்பிவிடும்.

படி 8: புதிய சிப்பை மதிப்பிடுகிறீர்கள் என்றால்

கருவிக்குக் கருவி, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் யூனிட் எண் மாறும். அதனால் ‘100 சதவீதம்’ எது என்று அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஆண்களை மட்டும் எடுத்து அளந்து, மீடியனைப் பாருங்கள் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது). உதாரணத்துக்கு 7.4 என்று வந்தால், அதில் பத்தில் ஒரு பங்கான 0.74க்குக் கீழே உள்ளவர்களை நீக்கிவிட்டு மறுபடி மீடியனைக் கணக்கிடுங்கள். இப்போது 7.5 வந்தால் அதுதான் உங்கள் 100 சதவீதம். 30 சதவீதம் 2.25, 70 சதவீதம் 5.25.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன 4.0ஐ 2.25 ஆக்கலாமே என்று தோன்றும். நோயாளி விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். தயாரிப்பாளரின் கீழ் எல்லை, குறையுள்ளவர் தப்பிவிடக் கூடாது என்ற பக்கம் சாய்ந்தது. நாலு பேரைக் கூடுதலாக ‘குறைபாடு’ என்று சொல்வதால் வரும் நஷ்டத்தைவிட, ஒருவரைத் தவறவிடுவதன் நஷ்டம் பெரிது.

படி 9: நோயாளியிடம் சொல்வது

குறைபாடு என்று வந்த மலேரியா நோயாளிக்கு மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. மருத்துவர் கண்காணிப்பில் வாரம் ஒரு முறை வீதம் எட்டு வாரம் பிரைமாகுயின் கொடுக்கும் முறை உண்டு. எந்த முடிவும் மருத்துவருடையது. டெக்னீஷியன் சொல்ல வேண்டியது, மாத்திரை தொடங்கிய பிறகு சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும் என்பதை.

குழந்தையின் தாய்க்குச் சொல்லும்போது நோய் என்ற சொல்லைத் தவிர்ப்பேன். ‘இது வியாதி இல்லம்மா, பிள்ளை ரத்தத்துல ஒரு குணம். சில பொருள் பக்கத்துல வராமப் பாத்துக்கிட்டா நம்மளப் போலத்தான் இருக்கும்’ என்றால் புரியும். அந்தப் பொருட்களில் முதலாவது பாச்சை உருண்டை. பீரோவில் நாஃப்தலின் உருண்டை போட்டு வைத்த பழைய சேலையில் குழந்தையைச் சுற்றுவது நம் வீடுகளில் நடப்பதுதான். அந்த ஆவியே போதும். இரண்டாவது மருதாணி. குழந்தையின் உள்ளங்கையிலும் காலிலும் பூசியதால் ரத்தம் உடைந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மூன்றாவதில் ஒரு குழப்பம். ‘பீன்ஸ் சாப்பிடக் கூடாது’ என்று இணையப் பட்டியலில் பார்த்துவிட்டு அவரைக்காய், பீன்ஸ் பொரியல், சோயா எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்தானது ஃபாவா பீன்ஸ், வட இந்தியாவில் பாக்லா என்பார்கள். நம் தோட்டத்து அவரை வேறு செடி. ஆனால் வளைகுடாவில் வேலைக்குப் போகிறவரிடம் மட்டும் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். அங்கே காலை உணவாக ரொட்டியோடு தரும் ‘ஃபூல்’ அந்தப் பயறுதான்.

கடைசியாக, முடிவைத் தாய்-சேய் அட்டையிலோ மருந்துச் சீட்டின் முதல் பக்கத்திலோ எழுதுங்கள். வெறும் ‘பாசிட்டிவ்’ என்று எழுத வேண்டாம்; எது பாசிட்டிவ் என்று அடுத்த மருத்துவருக்குத் தெரியாது. ‘ஜி6பிடி 2.1 யூனிட்/கிராம், குறைபாடு’ என்று எழுதி, தேதியையும் கருவியின் பெயரையும் பக்கத்தில் போடுங்கள்.